பக்கத்துக் கதவு

செவ்வாய்க்கிழமை, காலை 5:50. நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய தையல்காரர் சாலையோரம் ரத்தத்தில் கிடந்தார். செருப்பு ஒன்று இருபதடி தள்ளிக் கிடந்தது. பக்கத்தில் உடைந்த ஹெட்லைட் கண்ணாடி. நகக்கண் அளவில் வெள்ளி நிறப் பெயிண்ட் சில்லு. இடித்த வண்டி நிற்கவில்லை.

வியாழக்கிழமை, காலை 11:15. ஊரிலுள்ள பட்டறைகளையெல்லாம் சலித்துவிட்டு, பெண் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் கடைசிச் சந்தில் இருந்த கார் பெயிண்டரின் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். உள்ளே ஒரு வெள்ளி நிறக் கார். இடது ஹெட்லைட் புதுசு. இடது முன் மட்கார்டிலும் அதை ஒட்டிய கதவிலும் புதுப் பெயிண்ட் பளபளத்தது. மற்ற மூன்று கதவுகளிலும் பழைய தூசி.

"யார் வண்டி?"

"பல் டாக்டரோடது, மேடம். செவ்வாய்க்கிழமை காலைல ஏழரைக்குக் கொண்டாந்து விட்டாரு. மட்கார்டு நசுங்கியிருந்துச்சு. வீட்டுக் கேட்டுல இடிச்சிட்டேன்னாரு."

ஏட்டு சாமான் தட்டில் கிடந்த ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். அவர் கையிலிருந்த பைக் சாவி அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"அட, விடமாட்டேங்குதே! என் சம்சாரத்தைவிட மோசமா இருக்கு." பிய்த்தெடுத்து, பொட்டலத்தைத் தட்டிலேயே போட்டார்.

மதியம் 12:05. கூப்பிட்டதும் பல் டாக்டர் வந்துவிட்டார். சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லை.

"செவ்வாய்க்கிழமையா? திங்கக்கிழமை சாயங்காலமே விட்டுட்டேனே. சாவியும் இவன்கிட்டதான். அப்ப மட்கார்டு முழுசா இருந்துச்சு. மறுநாள் காலைல இவன் எங்க ஓட்டிட்டுப் போனானோ!"

"அடப்பாவி!" வாசலில் நின்ற பெயிண்டரின் மனைவி பாய்ந்தாள். "டாக்டருக்குப் படிச்ச வாயா இது? மேடம், என் வீட்டுக்காரர் அடுத்தவங்க வண்டியத் தெரு முனை தாண்டி ஓட்டமாட்டார்!"

"நீ பார்த்தியாம்மா?"

அவள் குரல் இறங்கியது. "அன்னைக்கு அம்மா வீட்ல இருந்தேன்."

பெயிண்டர் தனியாக வேலை செய்கிறவர். டாக்டர் தனியாகக் குடியிருப்பவர். அவர் சொல்லுக்கு எதிராக இவர் சொல். தையல்காரருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. மேலதிகாரியின் உத்தரவுப்படி நாலு மணிக்குள் யாரையாவது கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும்; செவ்வாய் காலை வண்டி யார் கையில் இருந்ததோ அவர்தான் உள்ளே போவார்.

"சரி டாக்டர், மட்கார்டு நல்லா இருந்துச்சுன்னா, வண்டிய எதுக்கு விட்டீங்க?"

டாக்டரின் கண் காரை ஒரு சுற்று சுற்றி வந்தது.

"இந்தக் கதவுக்காக. ஒரு கம்பத்துல இடிச்சிட்டேன்."

"எந்த இடம்?"

"இதோ, கைப்பிடிக்குக் கீழ. உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். நான் நிக்கும்போதே பள்ளத்தை மூட பட்டி பூசினான். கண்ணால பார்த்தேன்."

"பொய் மேடம்! அந்தக் கதவுல ஒரு கீறல்கூட இல்ல!" என்றார் பெயிண்டர்.

"அப்புறம் எதுக்குய்யா அதுக்குப் புதுப் பெயிண்ட்?" என்றார் ஏட்டு.

"மட்கார்டோட நிறம் கதவோட சேரணும்ல சார்…"

"கால்ல அடிபட்டா கைக்கும் சேர்த்துக் கட்டு போடுவியோ?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பெயிண்டரின் முகம் வெளிறியது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"எப்படிச் சேர்ப்பீங்க? நிதானமாச் சொல்லுங்க."

"புது நிறமும் வெயில் பட்ட பழைய நிறமும் ஒண்ணா இருக்காதுங்க. மட்கார்டோட நிறுத்தினா கோடு கிழிச்ச மாதிரி தெரியும். அதனால அடிபடாத பக்கத்துக் கதவுக்குள்ளயும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக் கரைச்சு விடுவேன். மேல முழுக் கதவுக்கும் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் பூச்சு அடிச்சிடுவேன். நேத்து டாக்டர் வந்தப்பகூட கதவுலதான் அடிச்சிட்டு இருந்தேன்."

மதியம் 12:40. இன்ஸ்பெக்டர் தட்டிலிருந்த துணிப் பொட்டலத்தை எடுத்தார்.

"காந்தம்தானே?"

"ஆமா மேடம். பழைய வண்டிய வாங்கினா எங்கெல்லாம் பட்டி இருக்குன்னு பார்க்கிறதுக்கு. தகட்டு மேல பட்டி கனமா இருந்தா காந்தம் பிடிக்காது."

இன்ஸ்பெக்டர் அதை மட்கார்டில் வைத்தார். வழுக்கி அவர் கையிலேயே விழுந்தது.

"டாக்டர், மறுபடி காட்டுங்க. எந்த இடம்?"

டாக்டர் கை நீட்டவில்லை.

"நானே வைக்கிறேன். கைப்பிடிக்குக் கீழ."

காந்தம் கதவைக் கவ்விக்கொண்டது. நாலு விரல் தள்ளி வைத்தார். கவ்வியது. கதவு முழுக்க ஓரிடத்திலும் வழுக்கவில்லை.

"கண்ணால பார்த்த பட்டி எங்க டாக்டர்?"



"தையல்காரரை இடிச்சது நீங்கதான். பக்கத்துப் பல்லைத் தொடாம வேலை செய்யிறது உங்க தொழில். பக்கத்தைத் தொட்டாத்தான் இவர் தொழில் முடியும். அது உங்களுக்குத் தெரியல. நேத்து இவர் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறதப் பார்த்தீங்க. அடிபடாத கதவுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பானான்னு நினைச்சீங்க. பொய்யைக் கொண்டுபோய் அந்தக் கதவுலயே மாட்டினீங்க."

டாக்டர் உதட்டை நனைத்துக்கொண்டார். "இருட்டா இருந்துச்சு… குறுக்க வந்துட்டார்."

"வந்தா நிறுத்தணும். ஏட்டையா, கூட்டிட்டுப் போங்க."

டாக்டரையும் ஏட்டையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது; இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்றார். பெயிண்டர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு சுத்தமாச் செஞ்சிருக்க வேண்டாம் மேடம். அந்த மனுஷனை இடிச்ச தடத்தை நானே அழிச்சிருக்கேன்."

"கதவைத் தொடாம விட்டிருந்தா, அந்த ஆள் வேற பொய் சொல்லியிருப்பார். அது எனக்குப் பிடிபட்டிருக்குமான்னு தெரியல."

மனைவி அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் வெள்ளி நிறப் பெயிண்ட்.

"முதல்ல இதக் கழுவு. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தையல்காரரைப் பார்த்துட்டு வருவோம்."