டப்பியைச் சுத்தம் செய்த விதம்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், இன்று முதல் பாஸ்கோ இல்லத்திலுள்ள பஞ்சுப் பொம்மைகள் யாவும், இனம், வால் நீளம் ஆகிய பேதமின்றி, உறைய வைக்கப்பட்டுப் பின்னர் துவைக்கப்படும்.

காலை டோஸ்ட்டுக்கு முன்னால் எழுந்து நின்று இதைப் பிரகடனம் செய்தவர் நெவில் பாஸ்கோ. சுகாதார ஆய்வாளராக மில்டூரா நகரத்து மீன் வறுவல் கடைகளில் குளிர்பெட்டிக்குள் வெப்பமானியை நீட்டி, உதட்டைப் பிதுக்குவது அவருடைய உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையும் அந்த வெப்பமானி சட்டைப்பையில்தான் இருக்கும்.

"நெவ், சகலரும் நாங்க ரெண்டு பேருதான். உக்காந்து சாப்பிடு," என்றாள் மனைவி பிரான்வின்.

ஆனால் விஷயம் சிரிப்பதற்குரியதல்ல. ஐந்து வயது மகள் டில்லிக்கு இழுப்பு. பொம்மைக்குள் குடியிருக்கும் தூசிப்பூச்சி காரணமாக இருக்கலாம், பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து வரும் அந்த விசில் மூச்சைக் கேட்டபடி, அடுத்தது வருமா என்று எத்தனையோ இரவுகள் நெவில் விழித்துக் கிடந்திருக்கிறார்.

குட்டைக்கால் கரடிக்குட்டி மாதிரியிருக்கும் தன் வாம்பட் பொம்மை டப்பியை டில்லி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"டப்பி மட்டும் வேணாம்ப்பா. எனக்கு முடியாதப்ப அவன்தான் எனக்குப் பதிலா மூச்சு விடுவான்."

"ஒரே ஒரு நாள்டா செல்லம். அவனுக்கும் லீவு வேணாமா?"

கராஜில், ஆட்டுத்தொடைக்கும் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவே டப்பிக்கு இடம் கிடைத்தது. மைனஸ் பதினெட்டு. விதிப்படி.

அன்றிரவு வீட்டில் இழுப்புச் சத்தமே இல்லை. வெற்றி உரையை மனதுக்குள் தயாரித்தபடி நெவில் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் பிரான்வின் திராட்சை பேக்கிங் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டாள். வெளியே தகரக் கூரைகள் சடசடக்கும் வெயில். டில்லி படுக்கையை விட்டு எழவில்லை. "குளிருதுப்பா" என்றாள். அவர் ஏசியை அணைத்து, இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டு, கராஜுக்குப் போய் ஃப்ரீசர் மூடியைத் தூக்கினார்.

பையின் உட்புறம் மூட்டம் படிந்திருந்தது. பனியல்ல, கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படிகிற மாதிரியான மூட்டம். அது கொஞ்சம் விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. டப்பியை ஒட்டிக் கிடந்த பக்கம் மட்டும் ஆட்டுத்தொடை இளகி, ரத்தம் கசிந்து, கவிச்சை அடித்தது.

"ஈரப்பதம்," என்றார் நெவில், எதிரே கடைக்காரர் நிற்பதைப் போல.

தொட்டியில் வெதுவெதுப்பான நீர், மென்சோப்பு. முறுக்கக் கூடாது, அழுத்தித்தான் பிழிய வேண்டும். அழுத்தினார். பஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில். மெல்லிய, இழுத்த, அவருக்கு மிகவும் பழக்கமான விசில்.

வீட்டுக்குள் டில்லி இருமினாள்.

தண்ணீர்தான், காற்றுக் குமிழிதான். மறுபடி அழுத்தினார். விசில். இருமல். இன்னும் பலமாக அழுத்தினார். விசில் மட்டும்.

கொல்லையில் சுழலும் துணிக்கொடியில் டப்பியை இரண்டு காதிலும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். வேலிக்கு மேல் பக்கத்து வீட்டு ஷேனின் தலை எழுந்தது.

"என்னப்பா நெவ், தூக்குல போட்டுட்ட? பாவம், எந்தக் கடையில கெட்ட மீன் வித்துச்சு?"

நெவில் சிரிக்க முயன்றார்.

"இருந்தாலும் பாரு, காத்துல வயிறு எப்படி ஏறி இறங்குது," என்றான் ஷேன்.

காற்று இல்லை. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. பக்கத்தில் தொங்கிய சட்டை அசையவில்லை.

டப்பியின் வயிறு ஏறியது. இறங்கியது.

ஓடினார். சமையலறை. நடை. டில்லியின் கதவு. கைப்பிடி சில்லிட்டது.

போர்வைக் குவியல். வெளியே ஒரு கற்றை முடி. முடியில் வெண்பொடியாய்ப் பனி. இமைகளிலும் பனி.

"டில்லி?"

நெஞ்சு ஏறவில்லை.

திறந்திருந்த ஜன்னல் வழியே, துணிக்கொடியிலிருந்து, விசில். சீராக. இழுத்து, விட்டு, இழுத்து. அவள் மூச்சு.

அவர் கை, வேறெதுவும் செய்யத் தெரியாமல், சட்டைப்பைக்குப் போனது. வெப்பமானியை அவள் அக்குளில் வைத்தார். எண் இறங்கியது, இறங்கியது, நின்றது.

மைனஸ் பதினெட்டு.

தூசிப்பூச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை.