கயிற்றின் மறுமுனை

கோகிலவாணிக்கு வீட்டில் ஒரு வேலை நிரந்தரம். கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது.

அவள் அப்பா சின்னுசாமி எதையும் கயிற்றால்தான் அளப்பார். கொட்டகை போட வேண்டுமா? கயிறு. புதுக்கட்டில் கதவுக்குள் நுழையுமா? கயிறு. வீட்டில் அளக்கிற டேப் இல்லாமல் இல்லை. அது பரணில் நிம்மதியாகத் தூங்குகிறது. "டேப்புன்னா நம்பரு பாக்கோணும். கயித்துல முடிச்சப் பாத்தாப் போதும்" என்பார்.

ஒரு முனை அவர் கையில் இருக்கும். முடிச்சுப் போட்ட மறுமுனை கோகிலாவின் கையில். "சரியா இருக்குதா கண்ணு?" என்று கேட்பார். அவள் சொல்வதுதான் கணக்கு. அப்பா ஒருநாளும் எழுந்து வந்து சரிபார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பதவி யார் தருவார்கள்?

அந்த வருஷம் அப்பா ஒரு சின்ன டிராக்டர் வாங்குவதென்று முடிவு செய்தார். கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற பகுதியில், சரிவில் படிப்படியாக இறங்கும் காடு அவர்களுடையது. முந்தின வருஷம் வாடகை டிராக்டர் எல்லார் காட்டையும் உழுதுவிட்டு இவர்களிடம் வருவதற்குள் மண் காய்ந்துபோனது. விதைத்த சாமையில் பாதி முளைக்கவே இல்லை.

காட்டுக்குப் போகும் தடத்தில் ஓரிடம் ரொம்பக் குறுகல். இரண்டு பக்கமும் இரண்டு சில்வர் ஓக் மரங்கள். ஒன்று பக்கத்துக் காட்டுக்காரர் செங்கோடனுடையது. மற்றது இவர்களுடையது. அதன் உச்சிவரை மிளகுக் கொடி ஏறியிருந்தது.

அந்தக் கொடியின் மிளகு பொன்னம்மாள் அத்தைக்குச் சொந்தம். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போகும்போது, "இந்தக் கொடி உன்னுது சாமி. நாங்க ஒரு மணிகூடத் தொட மாட்டோம்" என்று அப்பா சீராகக் கொடுத்தது.

அத்தை உள்ளூரிலேயே, கோகிலா படிக்கிற பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவர். மிளகை விற்றதுபோக, மிச்சத்தை வறுத்து இடித்து ஒரு டப்பாவில் வைத்திருப்பார். முட்டைகளின் மேல் அதைத் தூவித் தருவார். அந்த முட்டைக்காகவே காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு.

அப்பா அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவே கயிற்றைப் பிடித்தார். டிராக்டர் உரசாமல் போக இரண்டு பக்கமும் நூலளவு இடம் விட்டு ஒரு முடிச்சுப் போட்டார். "இந்த முடிச்சுக்குள்ள அடங்குற வண்டிதான் நமக்கு" என்றார்.

கயிற்றோடு இருவரும் மலையிறங்கினார்கள்.

முதலில் போனது சேந்தமங்கலத்தில் முருகானந்தம் என்பவரின் கடை. கடை முழுக்க எண்ணெய் வாசனை. அலமாரி நிறைய உதிரி பாகங்கள். அவர் விலையே சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார்.

"காடு எத்தன சரிவுங்க? தடம் எத்தன அகலம்? கல்லு ஜாஸ்திங்களா?"

அப்பா கயிற்றைக் காட்டினார்.

"இதுக்குச் சரியான சின்ன வண்டி ஒண்ணு இருக்குதுங்க. ஆனா கையில இல்ல. ஆடி பொறந்ததும் வந்துரும். வாராவாரம் சந்தை நாள்ல நானும் மெக்கானிக் பிரவீனும் உங்க மலைக்கு, செம்மேட்டுக்கு வாரோம். ஏதாச்சும் கோளாறுன்னா அங்கயே புடிச்சுக்கலாம்."

கோகிலாவுக்குக் கொட்டாவி வந்தது.

அடுத்து, நாமக்கல் சாலையில் இருந்த பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளுகுளு காற்று. நடுவில் மினுமினுவென்று ஒரு சிவப்பு டிராக்டர். அதன் பக்கத்தில் அதே சிவப்பில் ஒரு சைக்கிள், முன்னால் கூடையோடு.

"இந்த வாரம் வண்டி எடுத்தா, பாப்பாவுக்கு சைக்கிள் இலவசங்க!" என்றார் விற்பனையாளர். "ரிப்பேர்னா ஒரு போன் போடுங்க. மெக்கானிக் பறந்து வருவாரு."

கோகிலா சைக்கிளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு, கயித்தப் புடி" என்றார் அப்பா.

டிராக்டரின் அந்தப் பக்கச் சக்கரத்தருகே அப்பா குனிந்தார். இந்தப் பக்கச் சக்கரத்தருகே கோகிலா உட்கார்ந்தாள். நடுவில் டிராக்டர் மறைத்தது. கயிறு இழுபட்டது. முடிச்சு, டயரின் வெளி விளிம்புவரை வரவில்லை. நாலு விரற்கடை உள்ளேயே நின்றுவிட்டது.

"சரியா இருக்குதா கண்ணு?"

நாலு விரல்தானே என்று நினைத்தாள். நாலு விரலில் என்ன வந்துவிடப்போகிறது?

"இருக்குதுங்கப்பா."

அப்பா எழுந்து வந்து பார்க்கவில்லை. எப்போதும்போலக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

சிவப்பு டிராக்டர் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி ஊருக்கு வந்தது. அம்மா பழனியம்மாள் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அத்தை எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். சைக்கிள் மணியை ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவை அடித்துப் பார்த்தார்கள்.

பிறகு அப்பா காட்டுக்கு வண்டியை ஓட்டினார். மரங்களுக்கு நடுவே போனதும் 'கிறீச்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றது. ஒரு பக்கம் செங்கோடன் வீட்டு மரம் இடித்தது. மறுபக்கம் மிளகுக் கொடி நசுங்கியது.

அப்பா இறங்கினார், சுற்றி வந்தார், தலையைச் சொறிந்தார்.

"இழுத்து இழுத்துக் கயிறு நீண்டுபோச்சாட்டம் இருக்குது. அளவு தப்பிப்போச்சு. எம்பேர்லதான் தப்பு" என்றார்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று கோகிலா வாயைத் திறந்தாள். சைக்கிள் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

அப்பா பெரிய கடைக்குப் போன் செய்தார். "வண்டியக் கீழ கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார்கள். மறுபடி செய்தபோது யாரும் எடுக்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரம் இருக்கும்போதே உழுதாக வேண்டும். செங்கோடன் மரத்தில் கைவைக்க முடியாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு மரம்.

அப்பா அத்தையிடம் போய்த் தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார்.

அத்தை சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே வந்தார். கொடியில் அப்போதுதான் பச்சைப் பச்சையாக மிளகு காய்க்கும் திரி விட்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார்.

"வெட்டுண்ணா. கொடி போனாப் போகுது, வெதப்பு நிக்கக்கூடாது."

மரம் பெருஞ்சத்தத்தோடு விழுந்தது. திரிகள் சேற்றில் சிதறிக் கிடந்தன. அப்பா அந்தக் கயிற்றை எரிகிற அடுப்பில் போடப் போனார். அம்மாதான் பிடுங்கி, "ஆட்டையாச்சும் கட்டலாம்" என்று எடுத்து வைத்தாள். ஒரு பாவமும் அறியாத கயிறு கெட்ட பெயரோடு ஆட்டின் கழுத்துக்குப் போனது.

அதன்பிறகு அப்பா எதையும் அளக்கவில்லை. கயிறு பிடிக்கவும் அவளைக் கூப்பிடவில்லை.

சைக்கிள் ஓட்டவும் கோகிலாவுக்குப் பிடிக்கவில்லை. தடத்தில் போனால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மிளகு டப்பா சீக்கிரமே காலியானது. அத்தை வெறும் முட்டையைத் தட்டில் வைத்தார்.

"மிளகு எங்கத்தே?" என்றான் ஒரு பையன்.

"மிளகு லீவுல போயிருக்குது சாமி" என்றார் அத்தை. பிள்ளைகள் சிரித்தார்கள். கோகிலா அந்த முட்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டாள். யாரையும் குறை சொல்லாத அத்தையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாதிக் காடுகூட உழவில்லை. டிராக்டரின் பின்பக்கத்தில் எண்ணெய் ஒழுகியது. கலப்பை மேலே தூக்கவே மாட்டேன் என்றது. அப்பா பெரிய கடைக்குப் போன் செய்தார், செய்தார், செய்துகொண்டே இருந்தார். பறந்து வர வேண்டிய மெக்கானிக் நடந்துகூட வரவில்லை.

"அந்தச் சேந்தமங்கலத்துக்காரரக் கூப்புடலாமுங்கல்ல?" என்றாள் அம்மா.

"அவருகிட்ட வாங்கல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்புடறது?" என்றார் அப்பா.

அன்று சந்தை நாள் என்பது கோகிலாவுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவோடு செம்மேட்டுக்கு பஸ் ஏறினாள். அம்மா வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, சந்தை ஓரத்தில் முருகானந்தத்தைக் கண்டுபிடித்தாள். பக்கத்தில் பிரவீன் ஒரு களையெடுக்கும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, எங்க டிராக்டர் நின்னுபோச்சுங்க. ஆனா உங்க கடையில வாங்குனது இல்லீங்க."

முருகானந்தம் அவளைப் பார்த்தார். "கயிறு கொண்டாந்த பாப்பாதான நீயி? வண்டி யாருதா இருந்தா என்ன கண்ணு, காடு காயுதல்ல? நட, போலாம்."

பிரவீன் எண்ணெய் ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து, தேய்ந்த ரப்பர் வளையத்தை மாற்றினான். கலப்பை பேசாமல் மேலே எழும்பியது. அப்பா சங்கடத்தோடு நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது முருகானந்தம் அடிக்கட்டையருகே நின்றார்.

"இந்த மரத்த எதுக்குங்க வெட்டுனீங்க?"

"வண்டி போகலீங்க. நாலு விரக்கட இடிச்சுது."

முருகானந்தம் பிரவீனைப் பார்த்தார். பிரவீன் மெதுவாகச் சொன்னான்.

"பின்சக்கரத்தக் கழட்டி, ரிம்மத் திருப்பி மாட்டியிருந்தா அகலம் அதவிட ஜாஸ்தியாவே கொறஞ்சிருக்குமுங்க. கொஞ்ச நேர வேலதான். கடைக்காரங்க சொல்லலீங்களா?"

அப்பா அடிக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கயிறு தப்புப் பண்ணிருச்சுங்க" என்று முணுமுணுத்தார்.

"கயிறு தப்புப் பண்ணலீங்கப்பா!"

கோகிலாவுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "கடையிலயே முடிச்சு எட்டலீங்க. நான் பாத்தேன். சைக்கிளுக்காக சரியா இருக்குதுன்னு சொல்லிட்டேன். வண்டி இடிச்சப்பவும் சொல்லல. கடையிலயே சொல்லியிருந்தா இவங்ககிட்டத்தான் வாங்கியிருப்போம். மரம் இருந்திருக்கும்."

அப்பா திட்டவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எப்போதும் கயிறு பிடிக்கிற தன் உள்ளங்கையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று கோகிலாவுக்கு இருந்தது.

அன்று சாயங்காலம் அவளே அத்தை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

"எனக்கு வருத்தந்தான் கண்ணு" என்றார். "இல்லேன்னு சொல்ல மாட்டேன். அது எங்கண்ணன் குடுத்த கொடி."

அவ்வளவுதான். முறத்தை மறுபடி கையில் எடுத்தார்.

மறுநாள் கோகிலா அடிக்கட்டையருகே போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தாள். கொடியின் அடியிலிருந்து கிளம்பிய சின்னச் சின்னக் கொடிகள் தரையோடு படர்ந்து பச்சையாகவே இருந்தன. மரத்தில் ஏறியது செத்துவிட்டது. மண்ணில் ஊர்ந்தது சாகவில்லை.

அம்மாவிடம் கத்தி வாங்கிவந்தாள். கணு பார்த்து நறுக்கினாள். தடத்தை விட்டுத் தள்ளி, மேட்டில் நின்ற இளம் சில்வர் ஓக் மரங்களின் அடியில் குழி தோண்டி நட்டாள். மழை ஏமாற்றிய நாட்களில், சைக்கிள் கூடையில் தண்ணீர் கேன் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த சைக்கிள் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

சில கொடிகள் வாடிப்போயின. சில, வேர் பிடித்து மரத்தைத் தொட்டன. அத்தை ஒருநாள் வந்து பார்த்தார். ஒரு துளிரை நிமிர்த்தி மரத்தோடு சேர்த்து, வாழைநாரால் கட்டினார்.

"காய்க்க மூணு வருஷமாச்சும் ஆகுமுங்களா அத்தே?"

"ஆகும். அதுவரைக்கும் வெறும் முட்டைதான்" என்றார் அத்தை. "நீ ஆறாவதுக்கு வேற பள்ளிக்கொடம் போயிருவ. தப்பிச்ச."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

அடுத்த வாரம் ஆடுகள் மேயாமலிருக்கக் கொடிகளைச் சுற்றி வேலி போட அப்பா மூங்கில்களோடு வந்தார். அவர் தோளில், ஆட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்த அந்தப் பழைய கயிறு. இரண்டு மூங்கில்களை நட்டுவிட்டு, ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். மறுமுனைமேல் வைக்க ஒரு கல்லைத் தேடினார். தேடியவர் நின்றார். கயிற்றை அவள் பக்கம் வீசினார்.

கோகிலா ஓடிப்போய் மற்ற மூங்கிலருகே முடிச்சைப் பிடித்தாள்.

"சரியா இருக்குதா கண்ணு?"

குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"இல்லீங்கப்பா. ரெண்டு விரக்கட பத்தல."

அப்பா எழுந்து வந்து பார்க்கவில்லை. மூங்கிலைப் பிடுங்கி, ரெண்டு விரற்கடை தள்ளி நட்டார்.