சத்தம் கேட்கும் வார்டு

காலையில் பல் துலக்கும்போதே தாமிராவுக்குக் குழந்தையின் எடை தெரிந்துவிடும். குளியலறைத் தரை அவள் நிற்பதை வைத்தே கணக்கிட்டுக்கொள்ளும். கண்ணாடிக்குள்ளிருந்து, வீட்டை நடத்தும் மனையறிவின் குரல் வரும்.

"குழந்தை நலம். தலை கீழே திரும்பிவிட்டது. பிரசவத்துக்கு நாளும் பாட்டும் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா?"

"இன்னும் இல்ல" என்றாள் தாமிரா, வாயில் நுரையோடு.

மனையறிவு கோபித்துக்கொள்ளாது. மறுநாளும் அதே கனிவோடு கேட்கும். படுக்கையறைச் சுவரில் பேறுமாடம் தயாராக இருந்தது. வாங்கும்போது அதற்குப் பேறுமாடம் என்று பெயர். பேச்சில் எல்லாருக்கும் அது 'பாட்', ஆங்கிலத்தில் கூடு என்று அர்த்தம். நெல்லையில் எந்த வீடு கட்டினாலும் சமையலறையைப் போல அதுவும் ஒன்று. உள்ளே படுத்தால் போதும். பிடித்த பாட்டுகள் ஓடி முடிவதற்குள் குழந்தை கையில் இருக்கும். வலி கிடையாது. டாக்டர் கிடையாது. பார்க்க வருகிறவர்களும் கிடையாது. பகலில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில் ஆண்டுகள் வந்த பிறகு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. சூரியன் ஏறியதும் ஷட்டர்கள் இறங்கிவிடும். வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் வீட்டுக்குள்ளேதான்.

தாமிராவுக்கும் அதில் குறை ஒன்றும் இருந்ததில்லை, போன வாரம் வரைக்கும்.

போன வாரம் லிஃப்டில் ஒரு பெண் சிறுமியோடு நின்றிருந்தாள். பேசிப் பார்த்தால் எதிர் வீடு. பாப்பாவுக்கு நாலு வயது. அங்கேதான் பிறந்தாளாம். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை பிறந்து, பல் முளைத்து, நடை பழகியிருக்கிறது. ஒருநாள்கூட அதன் அழுகை தாமிராவின் காதில் விழவில்லை. இந்தச் சுவர்கள் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். அதற்காகவே அந்தக் கட்டடத்தில் எல்லாரும் வீடு வாங்கியிருந்தார்கள்.

மதியம் சாப்பிடும்போது புருஷனிடம் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, நான் ஆஸ்பத்திரியில பெத்துக்கிடலாம்னு பாக்கேன்."

செல்வின் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தான். "ஆஸ்பத்திரியிலயா? அதுக்கு இன்னும் ஆளு போறாங்களா?"

"பாளையங்கோட்டையில ஒண்ணு இருக்கு. போறவங்க போறாங்க."

"எங்கம்மா எங்க வச்சு செத்தாங்கன்னு உனக்குத் தெரியும்லா?"

தெரியும். பாட் வருவதற்கு முந்தைய காலம் அது. அவனைப் பெற்ற அன்றே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் அம்மா போய்விட்டாள்.

"தெரியும். அதான் ஒரு வாரமா வாயத் தொறக்கல."

"பெறகு ஏன்? எல்லாம் கைக்குள்ள இருக்கும்போது வலியப் போயி வலிய வாங்கணுமா?"

"வலி வேணும்னு கேக்கல. ஆளு வேணும்னு கேக்கேன். நம்ம பிள்ள பொறந்தா உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்தச் சொவத்துக்குத் தெரியும். எதுத்த வீட்டுக்கு என்னைக்காவது லிஃப்டுலதான் தெரியும்."

அவன் எழுந்து கை கழுவப் போனான். மறுநாள் விடியும் முன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "வா, பாத்துட்டு வருவோம். பாத்துட்டு வரலாம்னுதான் சொல்லுதேன். வேற ஒண்ணும் சொல்லல."

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பிரசவ வார்டுதான் இயங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் உலகம்மை எதையும் மறைத்துப் பேசவில்லை.

"பாட்தான் பாதுகாப்பு, நான் மறுக்கல சார். இங்க வலி இருக்கும், நேரமும் ஆகும். ஆனா பக்கத்து ரூம்லயே ஒரு பாட் வச்சிருக்கோம். பிள்ளையோட துடிப்பு கொறைஞ்சா உடனே உள்ள ஏத்திருவேன்."

செல்வின் அந்த அறைக்குள் போனான். பேறுமாடத்தின் கதவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கடைசியாகச் சோதித்துப் பார்த்தது எப்போது என்று கேட்டான். இன்று காலையில்தான் என்றார்கள். வெளியே வந்து தாமிராவைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினான்.

வலி எடுத்தது ஒரு மத்தியானத்தில். ஊரே ஷட்டரை இறக்கிக்கொண்டு கிடந்த நேரத்தில் செல்வின் அவளை வார்டில் கொண்டுவந்து சேர்த்தான். நினைத்ததைவிடப் பெரிய வலி. தாமிரா கத்தினாள். அவள் குரலை எந்தச் சுவரும் விழுங்கவில்லை. அது வார்டு முழுக்கச் சுற்றித் திரும்பி வந்தது. தனக்கு இவ்வளவு தொண்டை உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தாங்க முடியவில்லை. "பாட்ல போட்டுருங்க டாக்டர்."

"போடலாம். துடிப்பு நல்லா இருக்கு, பிள்ளையும் பாதி தூரம் வந்தாச்சு. உங்க இஷ்டம்தாம்மா."

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெண் மெதுவாக இறங்கி வந்தாள். மேலப்பாளையத்துக்காரி, பெயர் ஜமீலா. முந்தைய நாள்தான் ஆண் குழந்தை பெற்றிருந்தாள். தாமிராவின் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அழுத்திய இடத்தில் வலி ஒரு பிடி தளர்ந்தது.

"அந்த பாட் ரூம் கதவு தொறந்துதான் கெடக்கு. போவணும்னா போங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுவரைக்கும் என் கையப் பிடிச்சுக்கோங்க."

தாமிரா பிடித்துக்கொண்டாள். அடுத்த வலி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஜமீலா கையை உருவிக்கொள்ளவில்லை. போகலாமா என்று தாமிரா மறுபடி நினைப்பதற்குள் டாக்டர், "அவ்வளவுதான், இந்தா வந்துட்டா" என்றார்.

மகள் வீறிட்டாள். அந்தச் சத்தத்தில் ஜமீலாவின் பையன் விழித்து அழுதான். அவனைக் கேட்டு மூலைக் கட்டில் குழந்தை, பிறகு ஜன்னலோரத்துக் குழந்தை. வார்டே அழ, தாய்மார்கள் எல்லாரும் சிரித்தார்கள். வியர்வையில் நனைந்து கிடந்த தாமிராவும் சிரித்தாள்.

வராந்தாவிலிருந்து செல்வின் ஓடி வந்தான். டாக்டர் குழந்தையை நீட்டினார். அவன் அதைப் பார்க்கவில்லை. கட்டிலருகே வந்து தாமிராவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நல்லா இருக்கியா? ஏட்டி, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன். பிள்ளையப் பாருங்க."

அதற்குப் பிறகுதான் மகளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

இரண்டு நாள் கழித்து, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயில் தணியட்டும் என்றான் செல்வின். ஜமீலா குளிக்கப் போயிருந்தாள். அவள் பையன், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வினின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் தாமிரா பையைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தபோது, புதிதாக ஒரு பெண்ணை உள்ளே அழைத்து வந்தார்கள். அவள் புருஷன் வராந்தாவிலேயே நின்றுவிட்டான். ஜன்னல் வழியாக அவன் குரல் கேட்டது.

"சார், ஒண்ணும் ஆவாதுல்லா?"

செல்வின் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. குழந்தையை ஏந்தியபடி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"பயமாத்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு. உக்காருங்க. உள்ள போனவங்க பேரு என்ன?"

எதிர்க் கட்டிலில் புதிதாக வந்தவள் முனகினாள். தாமிரா மகளை மடியில் போட்டுக்கொண்டு, கட்டி வைத்த பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.