தோப்பில் தொலைந்த தோட்டா

"ஐயோ... போலீஸ்காரரு செத்துப்போட்டாருங்க!"

கொடுமுடிக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் கிளம்பிய அந்த அலறல், செத்தவரையே எழுப்பி உட்கார வைத்தது.

சப்-இன்ஸ்பெக்டர் அந்தோணிராஜ் கண்ணைத் திறந்தார்.

உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. உச்சந்தலையில் எலுமிச்சம்பழ சைஸில் ஒரு வீக்கம். இடுப்பில் ரிவால்வர் இல்லை! புல்லில் கிடந்தது. எடுத்துத் திறந்தார்.

ஒரு தோட்டா குறைந்திருந்தது!

எதிரே தோப்புக்காரர் திருமலைசாமி. கையில், நீளக் கம்பில் அரிவாள் கட்டிய தொரட்டி!

ஆள், ஆயுதம், அடி... மூன்றும் ஒரே இடத்தில்! அந்தோணிராஜின் சர்வீஸில் இவ்வளவு சுலபமான கேஸ் வந்ததே இல்லை. கஷ்டமானவை வந்தன. அவை இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

"எதுக்குய்யா என்னை அடிச்சே?"

"நான் அடிக்கலீங்க."

"பின்னே யாரு?"

திருமலைசாமி மரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அதை என் வாயால எப்படிங்க..."

கிளிக்!

விலங்கின் ஒரு வளையம் திருமலைசாமியின் கையில். மறு வளையம், ஆள் தப்பிவிடாமல் இருக்க, எஸ்.ஐ.யின் சொந்தக் கையில். சாவியை எங்கோ பத்திரப்படுத்தினார்.

அலறிய அம்புஜம், திருமலைசாமியின் மனைவி, இப்போது அழுதாள்.

"நாளைக்குப் புள்ளைக்கு நிச்சயமுங்க! மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. அப்பனை ஜெயில்ல வெச்சீங்கன்னா கல்யாணமே நின்னு போயிருமுங்க!"

"சட்டம்னா சட்டம்தாம்மா!"

கம்பீரமாக எழுந்த அந்தோணிராஜ், கைதியின் காலடியிலேயே வாந்தி எடுத்தார்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்றார் கைதி.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில், போலீஸைக் கைதி தாங்கிப் பிடித்துக்கொண்டு போனதை ஊரே வேடிக்கை பார்த்தது.

ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர் ரூத், பீளமேட்டில் படித்துவிட்டு வந்த இளம் டாக்டர், கண்ணில் டார்ச் அடித்தாள்.

"கூசுதும்மா! இவன் என்னைக் கொல்லப் பார்த்தான். சர்ட்டிபிகேட் குடுங்க, நான் கிளம்பறேன். என் தொப்பி எங்கே?"

"மேஜை மேல இருக்கு சார். இப்ப பிரதமர் யாரு, சொல்லுங்க?"

"எந்த வாரத்துக்குக் கேக்கறீங்க?"

ரூத் யோசித்தாள். பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்த தொண்ணூற்றேழில் அது நியாயமான பதில்தான்!

"அது வேண்டாம். எனக்கே ரேடியோ கேட்டாத்தான் தெரியும். காலைல என்ன சாப்டீங்க?"

"இட்லி."

"தோப்புக்கு எதுக்குப் போனீங்க?"

அந்தோணிராஜ் வாயைத் திறந்தார்... மூடினார். தோப்புக்கு வெளியே புல்லட்டை நிறுத்தியது ஞாபகம் இருந்தது. அடுத்த காட்சியில் அம்புஜம் அலறிக்கொண்டிருந்தாள். நடுவில் யாரோ பிலிமை வெட்டியிருந்தார்கள்!

"சதி! பெரிய சதி! என் தொப்பி எங்கே?"

"இப்பத்தானே சார் சொன்னேன்? அடியில உங்க மூளை குலுங்கியிருக்கு. அதான் வாந்தி, கண் கூசறது, கேட்டதையே கேக்கறது. அடிக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்ததும் மறந்து போகும்."

"தண்ணி போட்டவனுக்குச் சொல்ற மாதிரி இருக்கு!"

"நிறையப் பேர் அப்படி நினைச்சுத்தான் வீட்டுக்கு அனுப்பிடறாங்க."

ரூத் வீக்கத்தைச் சுற்றி முடியை விலக்கினாள். புருவம் சுருங்கியது.

"சார்... அரிவாள் வெட்டே இல்ல. சட்டையெல்லாம் இளநீர் காஞ்சு பிசுபிசுங்குது!"

திருமலைசாமி பக்கம் திரும்பினாள். "என்னதான் நடந்துச்சுங்ணா?"

"வேண்டாமுங்க டாக்டரம்மா. ஊடு தேடி வந்தவரைப் பத்தி..."

"எதுல, எப்படி அடிபட்டுச்சுன்னு தெரியாம நான் வைத்தியம் பார்த்தா அவர் உயிருக்கே ஆபத்து!"

திருமலைசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா தாகம்னு வந்தாருங்க. எளநீ அறுக்கத் தொரட்டி எடுத்துட்டு வாரேன்னு போனேனுங்க. ஐயாவுக்குப் பொறுக்கலீங்க. 'போலீஸ் குறி தப்பாது, பாரு'ன்னு துப்பாக்கியத் தூக்கி..."

"தூக்கி?"

"குறி தப்பலீங்க."

ரூத் மறுபடியும் அந்த வீக்கத்தைப் பார்த்தாள்.

"குலையே அத்துக்கிட்டு வந்துருச்சுங்க. குட்டை மரம்ங்கவே ஐயா பொழைச்சீங்க."

குற்றவாளி கிடைத்துவிட்டான்! கட்டிலில் உட்கார்ந்து, தன் தலையைத் தானே தடவிக்கொண்டிருந்தான்.

"ஏன்யா, இதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"பொம்பளைங்க முன்னாடி உங்களுக்குக் கௌரவக் குறைச்சலுங்களே..."

"அதுக்காக ஜெயிலுக்குப் போவியா?"

"வழியில உங்களுக்கே ஞாபகம் வந்துரும்னு பார்த்தேனுங்க."

போன தோட்டாவுக்கு மேலிடத்தில் என்ன பதில் சொல்வது? அதுவும் மறந்து தொலைத்தால் தேவலை என்றிருந்தது அந்தோணிராஜுக்கு.

"நல்லா ஓய்வெடுங்க. நான் சொல்ற வரைக்கும் புல்லட் தொடக்கூடாது" என்றாள் ரூத். "இந்த நேரத்துல இன்னொரு அடி பட்டா ஆபத்து. நாளை வரைக்கும் ஒருத்தர் கூடவே இருக்கணும். தலைவலி ஏறினாலோ, மறுபடி வாந்தி வந்தாலோ, எழுப்பினா முழிக்கலைன்னாலோ, உடனே ஈரோடு பெரியாஸ்பத்திரி. வீட்ல யார் இருக்கா?"

"எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க. முதல்ல இவரை விட்டுடறேன்..."

சட்டைப் பை. பேன்ட் பை. சாவி எங்கே?

சுத்தமாக ஞாபகமில்லை!

டிராக்டரில் கூடவே வந்திருந்த அம்புஜம் விசும்ப ஆரம்பித்தாள். விலங்கோடு ஒரு நிச்சயதார்த்தமா?

"என் தொப்பி எங்கே?" என்றார் அந்தோணிராஜ், பழக்க தோஷத்தில்.

ரூத் பொறுமை இழந்து தொப்பியை எடுத்து அவர் தலைமேல் வைக்கப் போனாள்.

டிங்!

தொப்பியின் உள்பட்டியிலிருந்து சாவி தரையில் விழுந்தது.

விடுபட்ட கையைத் தேய்த்துக்கொண்டே, திருமலைசாமி எஸ்.ஐ.யின் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"நம்மூட்டுலயே தங்குங்க. நான் கூடவே இருந்து பார்த்துக்கறேன். நாளைக்கு நிச்சயத்தையும் பார்த்துட்டே போலாமுங்க."

அந்தோணிராஜின் கண் கலங்கியது. "இவ்வளவு பண்ணின எனக்கா?"

"ஒரே ஒரு வேண்டுதலுங்க..." திருமலைசாமி தயங்கினார். "துப்பாக்கிய மட்டும் ஸ்டேஷனுக்குக் குடுத்தனுப்பிருங்க. பந்தல் பூரா எளநீக் குலைதான் கட்டியிருக்குதுங்க!"