இரண்டு முறை பிறந்த ஐசக்

கெர்ஹார்ட் ஹார்ம்ஸின் அறைக்கதவு திறந்தபோது முதலில் உள்ளே வந்தது காற்றுதான். கனடாவின் விங்க்லர் ஊரில் காற்றடித்தால் பன்றிகள் வேலிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். காற்றுக்குப் பின்னால் அகனேத்தா டைக்ரோப் வந்தாள். கறுப்புத் தலைத்துணியை இறுக்கி முடிந்தபடியே சொன்னாள்:

"எங்க அப்பா ரெண்டு வயசுல செத்துட்டாராம். குடியுரிமை ஆபீஸ்ல சொல்றாங்க. அப்ப நான் யாருக்குப் பொறந்தேன்?"

ஹார்ம்ஸ் காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த களஞ்சியங்களை விசாரித்து ஓய்வு பெற்றவர். சாம்பலை முகர்ந்தே, தீ தானாக வந்ததா, அழைத்து வந்ததா என்று சொல்லிவிடுவார். அவசரப்படும் வேலையைப் பக்கத்து நாற்காலியிலிருந்த ஓரெஸ்ட் பாவ்லிக்கிடம் ஒப்படைத்திருந்தார். ஓரெஸ்ட் உக்ரேனியன், ஏலம் விடுகிறவன். ஒருமுறை கூட்டத்தில் தும்மியவன் தலையில் ஒரு டிராக்டரைக் கட்டியவன்.

"நிதானமா சொல்லும்மா," என்றார் ஹார்ம்ஸ்.

அகனேத்தா பிறந்தது மெக்சிகோவில், மென்னோனைட் என்ற கிறிஸ்தவச் சபைச் சனங்களின் குடியிருப்பில்; ஹார்ம்ஸும் அந்தச் சனம்தான். அப்பா ஐசக் பிறந்தது இங்கே, மானிடோபாவில். அப்பா கனடாக்காரர் என்றால் மகளும் கனடாக்காரி, சட்டம் அப்படி. செத்துப்போன அப்பாவின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து விண்ணப்பித்தாள். அதே ஐசக், அதே பெற்றோர், இரண்டு வயதில் மரணம் என்று ஆபீஸ் கண்டுபிடித்துவிட்டது.

"மாசக் கடைசிக்குள்ள நாட்டை விட்டுப் போகணுமாம். மோசடிக்காரியாம் நான். பிள்ளைங்க ரெண்டும் இங்க பள்ளிக்கூடம் போகுதுங்க."

"உங்க குடும்பத்துல யாரும் சாட்சி சொல்லலையா?" என்றார் ஹார்ம்ஸ்.

"பெரியப்பா இருக்காரு, பெர்னார்ட். மெக்சிகோவுல எங்களுக்கு எதிர்வீடு, இப்ப இங்கயே திரும்பி வந்துட்டாரு. ஆபீஸ்காரன் போன் பண்ணிக் கேட்டதுக்கு, 'ஐசக் இங்க கல்லறையில கிடக்கான்'னு சொல்லிட்டாரு."

ஓரெஸ்ட் துள்ளி எழுந்தான். "அண்ணே, பெரியப்பன் புளுகுறான்!"

"வா, போய்க் கேட்போம்."

பெர்னார்ட் டைக்ரோப்பின் முற்றத்தில் நாய் குரைக்கவில்லை; அந்த வேலையை அவரே பார்த்துக்கொண்டார்.

"அவ வேலிக்கு அந்தாண்ட நிக்கட்டும்! சபை தள்ளிவச்சவன் மக!"

"அப்படி என்னய்யா பண்ணாரு?" என்றான் ஓரெஸ்ட்.

"டிராக்டருக்கு ரப்பர் டயர் போட்டான்." சூரியகாந்தி விதைத் தோலை ஓரெஸ்ட்டின் பூட்ஸுக்கு ஒரு விரல் தள்ளித் துப்பினார். "இரும்புச் சக்கரம்னு சபை சொன்னா இரும்புதான். ரப்பர் போட்டா வண்டி டவுனுக்கு ஓடும். பின்னாலயே பிள்ளைங்களும் ஓடும்."

அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய பிக்கப் வண்டி நின்றது. ரப்பர் டயர் நான்கு, ஸ்டெப்னியோடு ஐந்து. ஓரெஸ்ட் வாய்விட்டு எண்ணத் தொடங்கினான். ஹார்ம்ஸ் அவன் காலை மிதித்தார்.

"ஐசக் எங்கே இருக்கார்?"

"எங்க அம்மா பெத்த ஐசக் அதோ, அந்தக் கல்லறையில கிடக்கான். கல்லைப் போய்ப் படிங்க."

வேலிக்கு வெளியிலிருந்து அகனேத்தா கத்தினாள்: "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க பெரியப்பா!"

"வாயப் பாரு! அப்படியே அப்பன் புத்தி. மெக்சிகோவுக்குக் கிளம்பறப்ப, இங்க க்ரெட்னா ஸ்டேஷன்ல, ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே என் மடியில மூத்திரம் அடிச்ச பய! என்னோட ஞாயித்துக்கிழமைக் கால்சட்டை! இவன் சபைக்கு ஆகமாட்டான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

கல்லறையில் கல் இருந்தது. ஐசக் டைக்ரோப், பிறப்பு 1943, இறப்பு 1945. பிறந்த தேதி, அகனேத்தாவின் சான்றிதழில் உள்ள அதே தேதி. குடும்பம் மெக்சிகோவுக்கு ரயில் ஏறியது நாற்பத்தெட்டில்.

"ஏலம் முடிஞ்சுது அண்ணே," என்றான் ஓரெஸ்ட் வாடிப்போய். "புளுகுறது பெரியப்பன் இல்ல." பிறகு பக்கத்து வரிசையைக் கண்டு சிரித்தான். "உங்க சனத்துக்குப் பேருக்கும் பஞ்சமா? ஒரே அப்பா அம்மா, ரெண்டு பொண்ணு, ரெண்டும் ஹெலனா!"

ஹார்ம்ஸ் அந்த இரண்டு கற்களையும் நிதானமாகப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை காபி குடிக்கப் போவோம்," என்றார்.

ஞாயிறு மத்தியானம் அழைக்காமல் வருகிறவரையும் உட்காரவைத்து ரொட்டியும் காபியும் தருவது அங்கே வழக்கம், எதிரியானாலும் சரி. பெர்னார்ட் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலி போட்டார். அகனேத்தாவுக்கு மட்டும் கதவோரத்து முக்காலி; சபை தள்ளிவைத்தவன் மகளுக்கு மேசையில் இடமில்லை. பெர்னார்டின் மனைவி தீனா காபி ஊற்றினாள்.

"கல் பொய் சொல்லல," என்று தொடங்கினார் ஹார்ம்ஸ். "பெர்னார்டும் பொய் சொல்ல மாட்டார். பகை இருந்தாலும் பொய் அவருக்குப் பாவம். அதனால அவர் சொன்ன ரெண்டும் உண்மைன்னு எடுத்துக்கிட்டேன். ஐசக் கல்லறையில இருக்கான். இவளோட அப்பன் க்ரெட்னா ஸ்டேஷன்ல மடியை நனைச்சான். நாற்பத்தஞ்சுல புதைச்ச பிள்ளை நாற்பத்தெட்டுல அதைச் செய்ய முடியுமா?"

"ஆவி!" என்றான் ஓரெஸ்ட்.

"ஆவி கால்சட்டையை நனைக்காது. ரெண்டு ஹெலனாவைப் பாத்தியே, ஞாபகம் இருக்கா? எங்க சனத்துல ஒரு பிள்ளை செத்துட்டா, அடுத்துப் பொறக்கிற பிள்ளைக்கு அதே பேரை வைப்பாங்க. ஐசக் போனான், இன்னொரு ஐசக் வந்தான். ரயில் கிளம்பறதுக்கு முன்னாடி, இந்த மண்ணுலயே வந்தான்."

"அப்ப ரெண்டாவது ஆளோட சான்றிதழ்?" என்றான் ஓரெஸ்ட்.

"வாங்கவே இல்ல. வளைஞ்ச ஆணியை நிமித்தி மறுபடி அடிக்கிற சனம் நாங்க. பேர் அதே, அப்பா அம்மா அதே. வீட்டுல ஏற்கனவே ஒரு காகிதம் இருக்கிறப்ப இன்னொன்னு எதுக்கு?"

அகனேத்தாவின் கை வாய்க்குப் போயிற்று. ஹார்ம்ஸ் ஒரு தாளை மேசையில் வைத்தார். பிறப்பை அறிந்த மூத்தவர் கையெழுத்திட்டால், விட்டுப்போன பிறப்பைப் பதியலாம். உயிரோடிருக்கும் மூத்தவர் ஒருவர்தான்.

"சத்தியம் பண்ணச் சொல்லல பெர்னார்ட், நம்ம ஆளுங்களுக்கு அது பாவம். ஆபீஸ்காரன் உங்ககிட்ட ஐசக்கைப் பத்திக் கேட்டான். எந்த ஐசக்னு கேட்கத் தெரியல அவனுக்கு. நான் கேட்கிறேன். இவளோட அப்பா இந்த ஊர்ல பொறந்தாரா? ஆமாவா, இல்லையா?"

பெர்னார்ட் விதையைக் கடித்தார். துப்பவில்லை. இன்னொன்றைக் கடித்தார். சுவர்க் கடிகாரம் அவருக்காக நின்றுபோனதாக ஓரெஸ்ட் இன்றுவரை சொல்கிறான்.

"சொல்லித் தொலைங்களேன்," என்றாள் தீனா. "அந்தக் கால்சட்டைக் கதையைக் கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டுட்டிருக்கேன்."

"ஆமா!" என்று குரைத்தார் பெர்னார்ட். "அடுப்படிக்குப் பக்கத்து அறையில பொறந்தான். வெளிய நின்னு அவன் அழுகையைக் கேட்டவன் நான்." தாள் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டு அகனேத்தாவை முறைத்தார். "நாட்டுக்குள்ள வந்துட்ட. என் மேசைக்கு வந்துட்டதா நினைக்காத."

அகனேத்தா தாளை எடுத்து, மடித்து, மார்போடு வைத்துக்கொண்டாள். முற்றத்தில் இறங்கினாள். பிக்கப் வண்டியருகே நின்று, பின்சக்கரத்தைக் காலால் அழுத்திப் பார்த்தாள்.

"பெரியப்பா! ரப்பர்ல காத்து கம்மியா இருக்கே?"

அதற்கு அவர் ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.