பன்றி வேட்டைச் சீலை

ஐரோப்பாவின் எண்ணூறு ஆண்டு ஆன்மா இக்கட்டடத்தில் நெய்யப்பட்டுக் கிடக்கிறது என்று இத்தாலியின் பலேர்மோ நகரச் சித்திரச் சீலைக் காப்பகத்து வாசலில் பித்தளையில் பொறித்திருந்தது. அந்த ஆன்மாவின் மேல் வலையை விரித்து, வாரம் ஒருமுறை தூசு உறிஞ்சி எடுப்பவள் சந்திரமதி.

பன்றி வேட்டைச் சீலையில் ஒன்பது நாய்கள். நாய்க்கு ஒரு கட்டமாக உறிஞ்சுவது அவள் வழக்கம். இன்று ஒன்பதாவது கட்டத்தில் வெறும் புல்தான் இருந்தது.

வெளியே ஆகஸ்ட் மதியம். பல்லரோச் சந்தையின் கூவலும் மீன் நாற்றமும் அடைத்த சன்னல் இடுக்குகளால் வெளிச்சக் கீற்றோடு சேர்ந்து கசிய, குளிரூட்டியின் முனகலுக்கு அடியில், அலுமாரிகளுக்குப் பின்னால், பளிங்குத் தரையில் நகங்கள் உரசி நடக்கும் சத்தமும் நனைந்த கம்பளியின் வாடையும் மெல்ல நெருங்கிவந்தன.

மறுபடி எண்ணினாள். ஏழு.

தங்கை றம்யாவுக்குப் போன் எடுத்தாள்.

"உனக்கென்ன விசரே அக்கா? நாளைக்குக் குவெஸ்தூராப் பொலிசிலை விசா புதுப்பிக்கவேணும். வேலைக் கடிதம் இல்லாட்டி பெர்மெஸ்ஸோ விசா இல்லை, நாட்டுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். கையெழுத்தை வாங்கிக்கொண்டு வா. நாய் எங்கை போனா உனக்கென்ன?"

காப்பக இயக்குநர் மினேயோ வேலைக் கடிதத்தோடு வந்து, சீலைக்கு முதுகைக் காட்டி நின்றார். அதைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவருக்கு அதைப் பார்க்கும் தேவை இருக்கவில்லை.

"தொத்தோரே, நாயள் குறையுது," என்றாள் தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில்.

"என் நூலில் ஒன்பது. ஆகவே ஒன்பது. நீ துடைக்க வந்தவள், எண்ண வந்தவளில்லை."

"ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ."

பேனா கடிதத்துக்கு மேலே நின்றது. "எத்தனை, சொல்."

அவர் தோளுக்கு மேலால் பார்த்தாள். பன்றி தனியாக நின்றது. அலுமாரி நிழல்களில் பற்கள்.

"ஒன்பது," என்றாள்.

கையெழுத்திட்டார்.

கடிதத்தைப் பறித்தாள். வெளியே பாய்ந்தாள். கதவைச் சாத்தித் தோளைக் கொடுத்தாள். உறுமல். அலறல். கதவில் ஓர் உடல் மோதியது.

"சிஞ்ஞோரா, திற. திற."

கைப்பிடி திரும்பியது. இரு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். துணி கிழிந்தது. பிறகு, துணியல்லாத ஒன்று. எலும்பு. நக்கும் சத்தம்.

அமைதி.

திறந்தாள். அறையில் எவருமில்லை. சீலையில் ஒன்பது நாய்களும் இருந்தன. பன்றி ஓரமாய் ஒதுங்கி நின்றது. நடுவே மினேயோ மல்லாந்து கிடந்தார், பட்டு நூலில், வயிறு திறந்து, குடல் ஒரு நாயின் வாயில். சிவப்பு மட்டும் இன்னும் காயவில்லை. சீலையின் விளிம்பிலிருந்து பளிங்கில் சொட்டியது. நூலால் ஆன கண்கள் மெல்ல நகர்ந்து அவளைப் பார்த்தன.

ஒரு சப்பாத்து கழன்றிருந்தது. நெசவுத்துறையின் அந்த மேதை ஓட்டைக் காலுறை போட்டிருந்தார்.