நாலு பக்கமும் வெளிச்சம்

பின்சுவரை ஒட்டிப் புல் முளைக்காத ஒரு தடம் போவதை முதலில் கவனித்தவர் எலக்ட்ரீஷியன்தான்.

"இந்தப் பக்கம் யாராவது நடக்கிறாங்களா மேடம்?"

சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் போகத்தான் இடம் இருந்தது. துணி காயப்போடக்கூட அவள் அங்கே போவதில்லை. "கூரைத் தண்ணி சொட்டிச் சொட்டி ஆகியிருக்கும்" என்றாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி ஒரு கை நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழுந்து குழிந்த கோடு அதற்கு நேர்கீழே தனியாக ஓடியது. தடமோ அதற்கு உள்ளே, சுவரோரமாக, மண் இறுகி வழவழப்பாகக் கிடந்தது. வீட்டின் மூன்று பக்கமும் சுற்றிவிட்டு, முன்பக்கம் திரும்பும் முனையில் சட்டென்று நின்றுவிட்டது. அவர் பெட்டியைத் திறந்து மாதிரி விளக்குகளை எடுத்து வைத்தார்.

வாசல் கூரையோரம் தொங்கிய பழைய குண்டு பல்பு ஃப்யூஸ் போயிருந்தது. அதை மாற்றத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தாள். அந்த பல்பு எதற்காக எரிந்தது என்பதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள் தம்பி வகுப்பிலேயே ஆகக் குள்ளமானவன். அம்மா அவனைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவாள். பதினோரு வயதில் ஒரு சாயங்காலம், பக்கத்துத் தெரு நண்பனிடம் காம்பஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனான். அங்கே போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அன்றிலிருந்து இரவில் அம்மா அந்த பல்பை அணைத்ததே கிடையாது. "இருட்டுன்னா அவனுக்கு பயம். வெளிச்சம் தெரிஞ்சாத்தான் வீட்டுக்கு வருவான்" என்பாள். போலீஸ் கைவிட்டது. சொந்தக்காரர்கள் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டார்கள். அவனைவிடச் சின்னப் பிள்ளைகள் மீசை வைத்துக்கொண்டு தெருவில் போனார்கள். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது அம்மாவும் போய்ச் சில மாதம் ஆகிறது. மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பியபோது வாசல் இருண்டு கிடந்த அன்றுதான், இனி அம்மா இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"பன்னிரண்டு வோல்ட் விளக்கே போட்டுடலாம்" என்றார் எலக்ட்ரீஷியன். "மழை பட்டாலும் பயமில்ல. சின்ன பாட்டரி ஒண்ணு சேத்துட்டா கரண்ட் போனாலும் எரியும். வெள்ளையா, மஞ்சளா?"

இரண்டையும் சுவரோரம் பிடித்துக் காட்டினார். வெள்ளையைப் பார்த்ததும் அம்மா கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணில் வந்தது.

"மஞ்சளே போடுங்க."

"இது கூரைக்கு அடியில பதிக்கிறது. சுவரைத் தடவிக்கிட்டே வெளிச்சம் கீழ எறங்கும். பாக்க அழகா இருக்கும். ஆனா சுவர்ல உள்ள அழுக்கு, மேடு பள்ளம் எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும்."

"பரவாயில்ல. நாலு பக்கமும் போடுங்க. ஒரு மூலைகூட இருட்டா இருக்கக் கூடாது."

"வீட்டைச் சர்க்கஸ் கூடாரமா ஆக்கச் சொல்றீங்களே" என்று சிரித்தவர், அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "சரிதான். வெளிச்சம் இருந்தா மனசுக்கு ஒரு தெம்பு."

வேலை முடிந்து அவர் கிளம்பிப் போன அன்று, பொழுது சாயும் நேரத்தில் அவள் சுவிட்சைத் தட்டினாள். கூரையின் அடியிலிருந்து மஞ்சள் வெளிச்சம் தாரைதாரையாகச் சுவரில் வழிந்து இறங்க, இத்தனை வருஷமும் இருட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வீடு மெல்லத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே, ஈரமண் வாடையும் புதுவயரின் ரப்பர் வாடையும் கலந்து வர, பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். விளக்கு எரிந்தால் மொய்க்கும் பூச்சி ஒன்றைக்கூடக் காணோம். எங்கோ இரைந்துகொண்டிருந்த சில்வண்டுகளும் அவள் அம்மாவின் அறை ஜன்னலுக்கு வந்தபோது அடங்கியிருந்தன.

ஜன்னலை ஒட்டிச் சுவரில் ஒரு கறை.

தலையெண்ணெய்க் கறை. ஒரே இடத்தில் தினமும் தலை சாய்த்தால் சுவரில் படியுமே, அது. அவள் மார்பு உயரத்தில், பழசாகிக் கறுத்திருந்தது. இரண்டு பக்கமும் சின்ன உள்ளங்கைகளின் தடம். சுவரோடு சுவராக நின்று நெற்றியை அழுத்தி, ஜன்னல் விளிம்பு வழியே யாரோ உள்ளே பார்த்திருக்கிறார்கள்.

அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொரு கறை. அதற்கும் மேலே ஒன்று. அவள் தோளுயரத்தில், அவள் நெற்றிக்கு நேராக, அவள் கைக்கு எட்டும் உயரத்தில், எட்டாத உயரத்தில். மேலே போகப் போகக் கறை புதிதாக இருந்தது, கைகள் பெரிதாகிக்கொண்டே போயின. கடைசிக் கறை கூரையை முட்டிக்கொண்டு விளக்குக்குப் பக்கத்தில் பளபளத்தது. அதிலிருந்து வந்த வாடை அவளுக்குத் தெரியும். விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் தலையில் அடிக்கும் வெயில் வாடை.

அவன் வந்திருக்கிறான். அவன் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறான்.

அம்மா வாசலில் விளக்கை ஏற்றிவிட்டு, அந்த வெளிச்சம் தெரியும்படி கூடத்தைப் பார்த்துத் திரும்பித்தான் படுப்பாள். முதுகு இந்த ஜன்னல் பக்கம் இருக்கும். வெளிச்சத்துக்குள் வர மாட்டாமல் அவன் இருட்டோடு இருட்டாகச் சுற்றி வந்து, எல்லா இரவும் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அம்மா மட்டும் ஒரே ஒரு தரம் புரண்டு படுத்திருந்தால். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே நேரம் அவள் கண் கூரையோரத்துக் கறையை விட்டு அகலவில்லை. அந்த உயரத்தில் நெற்றி. அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

பின்கதவு வழியாக உள்ளே ஓடினாள். விளக்கை அணைத்தால் அவன் வருவான். அணைக்காவிட்டால் இனி வரவே மாட்டான். சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கடைசியில் பயம்தான் ஜெயித்தது. அணைக்காமலே கூடத்தில் போய் உட்கார்ந்தாள். பின்கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை என்பது ஞாபகம் வந்தபோது கரண்ட் போனது.

ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. ஃப்ரிட்ஜின் உறுமல் அடங்கியது. வெளியே விளக்குகள் பாட்டரியில் எரிந்துகொண்டிருந்தன. திரைச்சீலைகளின் ஓரத்தில் மட்டும் மஞ்சள் கோடுகள். வெளியே நாலு பக்கமும் வெளிச்சம்.

இருட்டு இருந்த ஒரே இடம் வீட்டுக்குள்.

பின்கதவு திறந்தது. எதுவோ குனிந்தது. நிலைச்சட்டத்தில் உரசியது. இன்னும் குனிந்தது. உள்ளே வந்து முடிய நேரம் எடுத்தது.

"அக்கா."

பதினோரு வயதில் போன அதே குரல். அது ஃபேனுக்கு மேலேயிருந்து வந்தது.

"வெளிய கண்ணு கூசுதுக்கா. நிக்க எடமே இல்ல."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா எங்க?"

இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. "வெளிய போயிருக்காங்கடா" என்றாள். "வந்துடுவாங்க."

"அப்போ அதுவரைக்கும் அவங்க கட்டில்ல படுத்துக்கட்டுமா?"

"படுத்துக்கோ."

தரையில் எதுவோ இழுபட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனது. வெயில் வாடை. கட்டில் கிறீச்சிட்டது. ஒரு நீண்ட பெருமூச்சு. வெகுநாள் கழித்து வீட்டில் படுக்கும் பிள்ளையின் பெருமூச்சு.

"குளிருதுக்கா."

எழுந்தாள். கால்கள் தாமாக நடந்தன. அம்மாவின் அறை அலமாரியைத் தடவித் திறந்து கம்பளியை எடுத்தாள். தலையணைப் பக்கம் பார்க்காமல், தோள் என்று கைக்குப் பட்ட இடத்திலிருந்து போர்த்தினாள். கம்பளி இடுப்புக்குக்கூட எட்டவில்லை. தன் போர்வையைக் கொண்டுவந்தாள். பிறகு படுக்கை விரிப்புகள். பிறகு மேசைத்துணி. கட்டிலின் முனையைத் தாண்டி, தரையில், அறை வாசலைக் கடந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே நகர்ந்தாள். வீட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்து போயிற்று.

கூடத்தில், மூடாமல் மிஞ்சிய பாதங்கள் இரண்டும், குளிரில் சின்னப் பிள்ளைகள் செய்வதுபோல, ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன.